அடுத்தவன் கைச் சுண்ணாம்பு

மைசூரிலிருந்து நரசிபுரம் போகும் சாலையில் மூன்று மைல் கடந்திருந்தோம். மூட்டை என் தலையில் இருந்தது. என் மனைவி ஐந்தாறு அடி பின்னால், முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வந்தாள். வலப்பக்கம் சாமுண்டி மலையின் தலையில் பனி இன்னும் விலகவில்லை. ராகி அறுத்து முடிந்து வயல்களெல்லாம் மொட்டையாகக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. விடிந்ததும் வார்டைக் கூட்டிக் கழுவுகிற நேரத்தில் கட்டில்களை நகர்த்துவார்கள், கதவெல்லாம் திறந்து கிடக்கும். அந்தச் சந்தடியில், ஊருக்குப் போகலாம் வா என்று, பின்வாசல் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் ஏறியிருக்கலாம். பஸ் கிளம்பும்வரை காத்து நின்றால் அவன் தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்று தோன்றியது. அவன் என்று நான் சொல்வது பெண்கள் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸரை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழன்.

"ஏனுங்க," என்றாள் பின்னாலிருந்து. "ஜன்னல்ல இருந்த டப்பாவ எடுத்துட்டீங்களா?"

"எல்லாம் எடுத்தாச்சு. நட."

டப்பாவை நான் எடுக்கவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். பிஸ்கட் வந்த பழைய தகர டப்பா அது. அதற்குள் ஒரு வாரத்துக்கான வெள்ளைப் பொடி, வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தது. பொட்டலம் மடித்தவன் அவன். மூட்டை கட்டும்போது அந்த டப்பாவை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை அதன் மூடியைக்கூடத் தொட்டேன். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நாங்கள் மைசூருக்கு வந்தது அவள் கழுத்துக் கட்டிக்காக. எங்கள் ஊர் மார்டள்ளி, கொள்ளேகாலத்துக்கு அப்பால் தமிழர்கள் இருக்கிற மலைப்பக்கத்து ஊர். கல்யாணத்தின்போது அவள் தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. மாலையை ஏற்றிப் போட்டு மறைத்திருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவனுக்குப் பெண் கொடுத்ததே பெரிது. கல்யாணமான பிறகும் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அணைக்கட்டில் கல் சுமந்தேன். குடகில் காப்பித் தோட்டத்தில் களை பறித்தேன். கோலார்ப் பக்கம் சுரங்கத்தில் வண்டி தள்ளினேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன், ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ இருப்பேன், மறுபடியும் கிளம்பிவிடுவேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் கழுத்துக் கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கும். எட்டாவது வருஷம் நான் வந்தபோது அது பெரிய மாதுளை அளவில் இருந்தது. மல்லாந்து படுத்தால் அவளுக்கு மூச்சு சீட்டி அடித்தது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். கொள்ளேகாலம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அறுத்து எடுத்தார்கள். கண் விழித்ததும் அவள் கேட்டது தண்ணீர். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் பேசினாள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் உதட்டில் எறும்பு ஊர்கிறது என்றாள். உதட்டைத் துடைத்துப் பார்த்தேன், எறும்பு எதுவும் இல்லை. பிறகு விரல் நுனிகளில் ஊர்கிறது என்றாள். சற்று நேரத்தில் அவள் வலக்கை தானாகவே மடங்கியது. விரல்கள் நீட்டியபடி நுனியில் ஒன்றுசேர்ந்துகொண்டன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. சோற்றைக் கூட்டி எடுக்கிற கை மாதிரி இருந்தது. பசிக்கிறது என்று காட்டுகிறாள் என நினைத்து, பக்கத்தில் இருந்த கஞ்சியை அவள் கையருகே நகர்த்தினேன். விரலைப் பிரிக்க அவளால் முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

அடுத்த கட்டிலில் காலில் கட்டுடன் ஒரு பெண் இருந்தாள். மைசூர்த் தமிழச்சி, வாயாடி. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து பட்டிருக்கும். வேப்பிலை இருந்தா கொண்டாங்க," என்றாள்.

அப்போது அவன் வந்தான். வேப்பிலை என்ற சொல் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், ஒரு சிரிப்போடுதான் வந்தான். மடங்கிய கையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. குனிந்து, என் மனைவியின் காதுக்கு முன்னால், கன்னத்தில், சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். அவள் மேலுதட்டின் ஓரம் வெடுக்கென்று இழுத்தது. மறுபடியும் தட்டினான், மறுபடியும் இழுத்தது. என் முன்னாலேயே என் மனைவியின் கன்னத்தை இன்னொருத்தன் தொட்டுக்கொண்டிருந்தான். நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன்.

சின்ன டாக்டர் ஓடிவந்து நரம்பில் ஊசி போட்டார். மிகவும் மெதுவாக மருந்தை ஏற்றினார். அடுப்பங்கரையில் நிற்கிற மாதிரி உடம்பெல்லாம் காந்துகிறது என்றாள் அவள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் விட்டுக்கொடுத்தன. டாக்டர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதை எனக்குத் தமிழில் சொன்னவன் அவன்தான்.

"கட்டிக்குப் பின்னால நாலு சின்ன உருண்டை இருக்கப்பா, தொவரம்பருப்பு மாதிரி. ரத்தத்துல சுண்ணாம்பு சரியா இருக்கான்னு பார்த்துக்கறது அதுங்க வேலை. கட்டி பெரிசு பாரு, அத எடுக்கறப்ப அதுங்களுக்கும் அடி. இப்ப ரத்தத்துல சுண்ணாம்பு கொறஞ்சு போச்சு. அதான் கை இழுக்குது."

"சரியாயிடுமுங்களா?"

"சில பேருக்கு அந்த உருண்டைங்க திரும்ப எழுந்துக்கும். சில பேருக்கு எழுந்துக்காது. அதுவரைக்கும் சுண்ணாம்ப நாம வெளியிலேர்ந்து குடுக்கணும். தெனம் மூணு வேளை. தவற விட்டா கையோட நிக்காது, தொண்டையையும் பிடிக்கும். தொண்டையப் பிடிச்சா மூச்சு போயிடும். தெரிஞ்சுதா?"

தெரிந்தது. சாலையில் அவளை நடத்திக்கொண்டு போகும்போது இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஆனால் அவன் சொன்னதில் என் மனதில் தைத்தது சுண்ணாம்பு என்ற சொல்தான். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பைக் கைக்குக் கை வாங்க மாட்டோம், வாங்கினால் சண்டை வரும் என்பார்கள். கேட்டால் டப்பியைக் கீழே வைப்போம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். புருஷன் பெண்சாதிக்குள் மட்டும் இந்தக் கட்டு கிடையாது. அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுப்பாள், நான் வாயில் வாங்கிக்கொள்வேன். வருஷத்தில் ஒரு மாதம் நாங்கள் புருஷன் பெண்சாதியாக இருந்ததில் எனக்கு நன்றாக நினைவில் நின்றது இதுதான். இப்போது இன்னொருத்தன் தினம் மூன்று வேளை அவளுக்குச் சுண்ணாம்பு கொடுத்தான். பொடியை வெந்நீரில் கரைத்து, ஆற்றி, தம்ளரை அவள் கையிலேயே கொடுத்தான். அவள் வாங்கி, முகத்தைச் சுளித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதன் பிறகு ஒரு கரண்டி மீன் எண்ணெய். அதையும் அவன் சொன்னால் குடித்தாள். நான் கொடுத்த கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுவாள்.

அவன் பார்க்க லட்சணமானவனாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நாற்பது வயது இருக்கும். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு நுனி பழுப்பேறியிருந்தது. ஒரு காது மற்றதைவிடப் பெரியது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. காலையில் அவன் வரும் நேரமானால் தலையை ஒதுக்கிக்கொண்டு, கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள், தட்டுவதற்கு வசதியாக. அவன் தட்டுவான். உதடு இழுக்கிறதா, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, பொடியைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரிடம் சொல்வான். எறும்பு எப்போது ஊர்ந்தது, எந்த விரலில், எவ்வளவு நேரம் என்று அவள் அவனிடம் ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது அவன் வந்த பிறகுதான் தெரியவரும்.

"ஏன், எங்கிட்டச் சொல்ல மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்ககிட்டச் சொன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றாள். அவள் குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

அவன் எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். "இங்க வாப்பா. காதுக்கு முன்னால, இந்த எலும்புக்குக் கீழ. நீயும் தட்டிப் பாரு. ஊருக்குப் போனா உனக்குத்தான் வேணும்," என்றான். "எனக்கெதுக்குங்க, அதான் நீங்க இருக்கீங்களே," என்றேன்.  அவன் மூக்குப்பொடி டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை உறிஞ்சிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஏனுங்க என்பார்கள். எட்டு வருஷமாக என்னை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். கடைக்காரரையும் வண்டிக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன், அவன் எதிர்க் கட்டிலில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க" என்று அவள் குரல் கேட்டது. நானும் திரும்பினேன், அவனும் திரும்பினான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை. கால் கட்டுக்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மாலையில் நான் வெளியே போய் நல்ல இளந்தளிர் வெற்றிலை வாங்கி வந்தேன். தையல் பிரித்தாகிவிட்டது, கொஞ்சம் மெல்லலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டி இல்லாமல் அவளை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். தழும்பு ஒரு நூல் கட்டியதுபோல இருந்தது. முகம் சின்னதாகிவிட்டது. அவள் அழகானவள் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. தோன்றியதும் சந்தோஷப்படவில்லை, பயந்தேன். எட்டு வருஷமாக நான் ஊர் ஊராகச் சுற்றியபோது அவளைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாமல் இருந்ததற்கு அந்தக் கட்டிதான் காரணம். அதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறவனைப்போல நான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பூட்டைத்தான் மைசூரில் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

வெற்றிலையை மடித்து அவளிடம் நீட்டினேன். அதே நேரத்தில் அவன் தம்ளரோடு வந்தான். அவள் தம்ளரை முதலில் வாங்கினாள். கால் கட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"ராணி மாதிரி இருக்கே போ. அந்தய்யா கையால சுண்ணாம்பு, வீட்டுக்காரர் கையால வெத்தல. பாக்கு போடறதுக்கு எந்த மவராசன் வரப்போறானோ," என்றாள்.

வார்டே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பகலில், பலபேர் நடுவில், அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்கு மறுநாள்தான் நாங்கள் சாலையில் நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது மைல் வந்தபோது அவள் நின்றாள். உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எறும்பு ஊருதுங்க. காலைல வேற குடிக்கல. அந்தப் பொட்டலத்த ஒண்ணு எடுங்க. எங்காச்சும் வெந்நீ வாங்கிக் கரைச்சுக்கறேன்."

ஒரு புளியமரத்தடியில் மூட்டையை இறக்கினேன். டப்பா இல்லை என்று அப்போது சொல்லியிருந்தால் ஐந்து மைல்தான், திரும்பியிருக்கலாம். "அவன் குடுத்தது என்ன? சுண்ணாம்புதானே. அதவிட நல்ல சுண்ணாம்பு எங்கிட்டயே இருக்குது," என்றேன். அப்படித்தான் நான் உண்மையிலேயே நினைத்தேன். அவனே வாயால் சுண்ணாம்பு என்று சொல்லியிருக்கிறான். அதைப் பொடியாக்கி, பொட்டலம் கட்டி, தான் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வைத்திருக்கிறான். என் இடுப்பில் டப்பி நிறையச் சுண்ணாம்பு இருக்கும்போது இவன் எதற்கு?

வெற்றிலையில் வழக்கத்தைவிட நாலு மடங்கு தடவி மடித்துக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் வாங்கி வாயில் போட்டு மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எரியுதுங்க," என்றாள். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்," என்றேன். இன்னொரு மைல் நடந்தோம். எறும்பு விரலுக்கு வந்துவிட்டது. இன்னொன்று மடித்துக் கொடுத்தேன். நாக்கு வெந்து, உதட்டோரம் வெளுத்துவிட்டது. அவள் மூன்றாவதை வாங்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே மடங்கியது. விரல்கள் ஒன்றுசேர்ந்து, கட்டைவிரல் உள்ளே போயிற்று. பிறகு இடக்கை. பிறகு பாதங்கள் வளைந்து, நிற்க முடியாமல் சாலையோரத்தில் சரிந்தாள்.

வருணா என்ற ஊரின் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே போய் என்ன செய்ய? அவள் மூச்சை இழுத்தபோது, கட்டி இருந்த காலத்தில் கேட்ட அதே சீட்டிச் சத்தம் தொண்டையிலிருந்து வந்தது.

நரசிபுரம் பக்கமிருந்து ராகி வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மைசூரை நோக்கி வந்தது. நடுச் சாலையில் நின்று மறித்தேன். வண்டிக்காரன் கன்னடக்காரன். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பாதி வைக்கோலைச் சாலையில் தள்ளி இடம் செய்தான். இருவருமாகத் தூக்கிப் போட்டோம். மாடுகளை அவன் ஓட்டிய ஓட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வழியெல்லாம் நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அவளுக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் இந்த நோயின் கொடுமை. எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். சீட்டிச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காதை அருகே கொண்டுபோனேன்.

"அவருகிட்டச் சொல்லுங்க... ஒதட்டுலதான் மொதல்ல ஆரம்பிச்சுதுன்னு."

சாகக் கிடக்கிறவள் சொன்ன பேச்சு அது. அப்போதும் என் நெஞ்சில் முள் குத்தியது. கூடவே, அவன் வேலைக்கு வராமல் இருந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மனதில் இருந்தன.

அவன் இருந்தான். வாசலில் வண்டி நின்றதும், எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "ஒதட்டுலதான் மொதல்ல ஆரம்பிச்சுது, அஞ்சாவது மைல்ல," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். கன்னத்தைத் தட்டிப் பார்க்கக்கூட அவசியம் இருக்கவில்லை. சின்ன டாக்டர் ஊசி ஏற்றினார். ஒன்று போதாமல் இரண்டாவது ஏற்றினார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சீட்டிச் சத்தம் நின்றபோது, மூச்சே நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணைத் திறந்துகொண்டு சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போன பிறகு அவன் ஈரத் துணியால் அவள் வாயைத் துடைத்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஏனப்பா, இது என்ன?"

"சுண்ணாம்புங்க."

"எந்தச் சுண்ணாம்பு?"

இடுப்பு டப்பியை எடுத்துக் காட்டினேன்.

"அய்யோ மாராயா," என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "இது செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு. அவ என்ன கோயில் மதிலா? உன்ன மாதிரி ஆளுக்குப் புரியணுமேன்னு நான் சுண்ணாம்புன்னு சொன்னது என் தப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "டப்பா ஜன்னல்ல அப்படியே இருந்துச்சு. நான்தான் எடுத்து வெச்சேன். மறந்துட்டியா, விட்டுட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவனே வழி செய்து கொடுத்தான். அவனிடம் அந்த வழியை வாங்கிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

"விட்டுட்டேனுங்க."

அவன் துணியை மடித்து வைத்தான். "எனக்கு வீட்ல ஒருத்தி, இங்க முப்பது பேரு. உனக்கு இருக்கறது ஒருத்தி. அவளையும் பார்க்கத் தெரியல. இதுல எம்மேல கோபம் வேற," என்றான்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெந்த நாக்கோடு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"எட்டு வருசத்துல ஏழு வருசம் நீங்க ஊர்லயே இல்லீங்க. அப்பல்லாம் ஊர்ல ஆம்பளைங்க இருக்கறது உங்களுக்கு ஞாபகமே வரலீங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. கட்டி இருந்ததால் வரவில்லை என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் கை தழும்புக்குப் போய், அங்கேயே சற்று நேரம் இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்படித் திரும்பியதில் கன்னம் மேலே வந்தது. அவன் என் கையைப் பிடித்து இழுத்து, சுட்டுவிரலைக் காதுக்கு முன்னால் வைத்தான். "தட்டு."

தட்டினேன்.

"கதவா தட்டறே? கொட்டாம, நுனியால. மறுபடியும்."

மறுபடியும் தட்டினேன். என் விரலுக்கு அடியில் அவள் உதட்டோரம் துடித்தது. கொஞ்சமாகத்தான் துடித்தது. ஊசி வேலை செய்கிறது, நாளைக்கு இதுவும் இருக்காது என்றான் அவன். எட்டு வருஷத்தில் நான் அவள் கன்னத்தை எத்தனை தடவை தொட்டிருப்பேன் என்று யோசித்தேன். தொட்டு ஏதாவது தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அதையும் அவன் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு விவரமாகச் சொன்னான். இன்னும் இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மார்டள்ளியில் இந்தப் பொடி கிடைக்காது, கை இழுத்தால் ஊசி போடவும் ஆள் இல்லை. ராகி, பால், எள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்த உருண்டைகள் எழுந்துகொள்ளாவிட்டால் ஆயுசு முழுக்கப் பொடிதான். "வெந்நீர்க் கொப்பரையப் பார்த்துக்கிட்டிருந்த ஆள் போன வாரம் நின்னுட்டான். மேஸ்திரி ஆள் தேடறாரு. நீ இருக்கறதுன்னா ஒரு வார்த்தை சொல்றேன்," என்றான்.

"உங்க தயவுல வேல வேண்டாமுங்க."

"என் தயவு எங்கப்பா வந்துச்சு இதுல? வெந்நீர் இல்லேன்னா டாக்டர்கிட்ட ஏச்சு வாங்கறவன் நான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாலையில் வேலை தேடிக் கடைத்தெருப் பக்கம் போனேன். மரம் அறுத்து விற்கிற மரத்தொட்டி ஒன்றில் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்குள் சாலை போடுகிற கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். அணைக்கட்டில் என்னோடு கல் சுமந்த ஒருவன் அதில் இருந்தான். மறுநாள் விடிந்ததும் ஹுணசூர் பக்கம் கிளம்புகிறோம், வா என்றான். எனக்குக் கால் அரித்தது. பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில் சோறு கிடைக்கும், பொடி கிடைக்கும், ஊசி கிடைக்கும். நான் இருந்து செய்யப்போவது என்ன? வேறெந்த வருஷமாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன். ஆறு மாதம் அவன் தினமும் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருப்பான், நான் ஹுணசூரில் ஜல்லி உடைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததும் கால் அரிப்பு நின்றுவிட்டது. மரத்தொட்டியும் வேண்டாம் என்று தோன்றியது. அது ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை மைல்.

காலையில் அவள் விழித்ததும் நான் தட்டினேன். உதடு அசையவில்லை. "இன்னைக்கு எறும்பு இல்ல," என்று அவள் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், ஆனால் ஏனுங்க என்று கூப்பிடவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றேன். எந்த ஊருக்கு என்று கேட்டாள். இங்கேதான், வெந்நீர்க் கொப்பரை என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

மேஸ்திரி கொப்பரைக் கொட்டகையில் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஓரிடத்தில் அதிகமாக எவ்வளவு நாள் வேலை பார்த்திருக்கிறாய் என்று கேட்டார். ஏழு மாதம் என்றேன். இரண்டு மாதத்தைக் கூட்டிச் சொன்னேன். பெண்டாட்டி வார்டில் இருப்பதால் சேருகிறாயா என்றார். ஆமாம் என்றேன். அது பாதிதான் என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முன்னிருந்த ஆளின் காக்கிச் சட்டையைக் கொடுத்தார். தோள் இரண்டும் தொங்கின. கைப்பிடியில் சாக்குத் துணி சுற்றிய இரண்டு வாளிகள். முதல் கொதி ஆண்கள் வார்டுக்கு, இரண்டாவது பிரசவ அறைக்கு, மூன்றாவது பெண்கள் வார்டுக்கு, அங்கே டிரெஸ்ஸர் சொல்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்றார். சரி என்று விறகைப் பிளந்து அடுப்பில் வைத்தேன்.